கேட்டதையே கேட்பது

முன்னறைச் சுவரை மறைத்து நிற்கும் இசைத்தட்டு அலமாரியை முதன்முறையாகக் காண்கிறவர் எவராயினும், தூரத்து உறவினராயினும் சரி, சிலிண்டர் போட வருகிற பையனாயினும் சரி, தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்றுண்டு: "இத்தனையும் கேட்டு முடிச்சாச்சா சார்?" சேகரிப்பு என்று ஒன்று வந்துவிட்டால் இப்படிப்பட்ட கணக்கு எழுவது இயல்பே. வி.ஏ.கே. ரங்காராவ் அவர்கள் சென்னையில் சேர்த்த கிராமபோன் தட்டுகள் 40,000-க்கும் மேல் என்பது சங்கீத உலகில் பிரசித்தமான செய்தி. தட்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம் என்று கொண்டால், அவற்றை ஒரே ஒருமுறை கேட்டு முடிப்பதற்கு 4,000 மணி நேரம் வேண்டும். தினந்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு அது ஏறக்குறைய 11 வருஷத்து ஊழியம். என்னுடைய குவியல் அந்தச் சமுத்திரத்தின் கரையில் நிற்கவும் யோக்கியதை இல்லாதது. அதிலும் பெரும்பகுதி ஜாஸ் என்பதால் நம் பக்கத்தில் அதற்கு மதிப்பும் குறைவு. ஆனால் என் மனைவி கேட்கிற கேள்வி வேறு. "கேட்டதையே எத்தனை தடவைதான் கேப்பீங்க?" என்பாள், சமையலறையிலிருந்தபடியே. விருந்தாளியின் கேள்விக்கு ஒரு சிரிப்பைப் பதிலாகக் கொடுத்து அனுப்பிவிடலாம். மனைவியின் கேள்விக்கு அது போதாது. கேட்டுவிட்ட ஒன்றை மனிதன் ஏன் மறுபடி கேட்கிறான் என்பது, பார்த்துவிட்ட முகத்தை ஏன் மறுபடி பார்க்கிறான், செய்துவிட்ட வேலையை மறுநாள் என்ன மனத்தோடு செய்கிறான் என்பவற்றோடு சேர்த்துச் சிந்திக்க வேண்டிய விஷயம்.

உத்தியோக காலம் முழுவதையும் நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்துக் கம்பி ஆலையொன்றில், ரோல் ஷாப் என்று நாங்கள் சொல்லுகிற பகுதியில், லேத் முன் நின்று கழித்தவன். அங்கே நடப்பது இன்னதென்று அறியாதவர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். பழைய இரும்பை உருக்கி வார்த்த பில்லெட் என்னும் நீண்ட கட்டையை, 1,100 டிகிரிக்கு மேல் செந்தணலாகக் காய்ச்சி, வரிசையாக நிற்கும் உருளை ஜோடிகளின் இடையே செலுத்துவார்கள். ஒவ்வோர் உருளையிலும் வளையமாக வெட்டப்பட்ட காடி உண்டு. முதற்காடியில் பருத்துப் புகுந்த இரும்பு அடுத்தடுத்த காடிகளில் இளைத்து இளைத்து, கடைசிக் காடியில் கொத்தியிருக்கும் சிறு பள்ளங்களின் அச்சை உடம்பில் வரித்துக்கொண்டு, வீடு கட்டுவோர் வாங்குகிற டி.எம்.டி. கம்பியாய் வெளியே ஓடிவரும். காடி தேயும். தேய்ந்த காடியில் புகுந்த கம்பி குறித்த அளவுக்கு மேல் பருத்து, எடை கூடி, ஆலைக்கு நஷ்டம் விளைவிக்கும்; ஆகவே உருளையைக் கழற்றி என் லேத்தில் ஏற்றி, மேற்பரப்பைச் சீவிவிட்டு, காடியைப் புதிதாக வெட்டி அனுப்ப வேண்டும். ஷிப்டு முழுவதும் காடி வெட்டுகிறவன், வீடு திரும்பிக் குளித்தவுடன் இன்னொரு விதமான காடியில் முள்ளை இறக்கிவிட்டு உட்காருகிறானே, இவனுக்கு அலுக்காதா என்று சகாக்கள் பரிகாசம் செய்ததுண்டு. ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் செல்வதால் பொருளுக்கு என்ன நேர்கிறது, செல்கிறவனுக்கு என்ன நேர்கிறது என்னும் விசாரணையை இரண்டு காடிகளுமே எனக்குள் கிளப்பின என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஜாஸ் என் காதுக்கு அமெரிக்காவிலிருந்து நேராக வரவில்லை. கோடம்பாக்கம் வழியாக வந்தது. 1964-இல் வெளியான 'புதிய பறவை'யில் விஸ்வநாதன், ராமமூர்த்தி இரட்டையர் கேளிக்கை விடுதிக் காட்சிக்கு அமைத்த இசையை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த பையன்கள் பலர்; அவர்களில் சிலருக்குப் பாடகியின் குரலைவிட, அந்தக் குரலுக்குப் பின்னால் வளைந்தும் குழைந்தும் போகிற வாத்தியங்களின் மேல் மோகம் விழுந்தது; நான் அந்தச் சிலரில் ஒருவன். அந்த மோகத்தின் ஊற்றைத் தேடிப் போன இடம் மூர் மார்க்கெட். பழைய புத்தகம், துருப்பிடித்த பூட்டு, கிளிக்கூண்டு ஆகியவற்றுக்கு நடுவே, கப்பலில் வந்தவர்களும் ஊரைக் காலிசெய்து ஆஸ்திரேலியா போன ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தாரும் விட்டுச் சென்ற தட்டுகள் அங்கே கிடைக்கும். 1985-இல் அது தீக்கிரையாயிற்று. இன்று அந்த மனையில் நிற்பது புறநகர் ரயில் நிலையம். கும்மிடிப்பூண்டிக்கு வண்டி புறப்படுவது அங்கிருந்துதான். நிலையத்தின் பெயரும் மூர் மார்க்கெட் வளாகம் என்றே இருக்கிறது. தண்டையார்ப்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று நகர்கிற அந்த வண்டியில் மடிமேல் தட்டுகளை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கூட்டம் சாய்ந்து நசுக்கிவிடாமல் முழங்கையால் வேலி கட்டியபடி வீடு சேர்ந்த பிரயாணங்கள் இப்போதைய இளைஞர்களுக்கு வாய்க்காதவை. அதற்காக அவர்களைக் கண்டு இரக்கப்பட வேண்டிய அவசியமும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். ஜாஸின் உயிர்நாடி மனோதர்மம். அதை வாசிப்பவன் முன்பே எழுதிவைத்ததை ஒப்பிப்பதில்லை; ஒரு மெட்டையும் அதன் அடியில் ஓடும் சுரக்கூட்டுகளின் வரிசையையும் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் க்ஷணத்தில் உதிப்பதை வாசிக்கிறான்; மறுநாள் அதே மெட்டில் வேறொன்று உதிக்கும். நம்முடைய ஆலாபனையும் நிரவலும் அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அப்படியானால், ஒருமுறை மட்டுமே நிகழ்வதற்காகப் பிறந்த அந்த வாசிப்பைத் தட்டில் அடைத்து, ஓர் அணுவும் மாறாமல் ஆயிரம் முறை ஒலிக்கச் செய்வது, அந்தக் கலையின் சுபாவத்துக்கே விரோதமான காரியம் அல்லவா? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்கள் சுவாமி புறப்பாட்டில் தோடியை மணிக்கணக்கில் விரித்தவர். அந்தத் தோடியைத் தட்டுக்காரர்கள் மூன்று நிமிஷச் சிமிழுக்குள் கேட்டார்கள். வீதியில் கேட்டவர்கள் தட்டைக் கேட்டு உதட்டைப் பிதுக்கியிருக்கலாம். வீதியில் கேட்கும் பாக்கியமில்லாத என் போன்றோருக்கோ தட்டுதான் ராஜரத்தினம் பிள்ளை. 1928 ஜூன் மாதம் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' தட்டின் தொடக்கத்தில், பக்கவாத்தியம் எதுவுமின்றித் தனியே டிரம்பெட்டில் எழுப்பிய அந்தச் சில விநாடிகளை, பின்னால் வந்த எத்தனையோ வாத்தியக்காரர்கள் சுரம் சுரமாக மனப்பாடம் செய்தார்கள். பிடிபடாதது என்று பறந்ததே பிறருக்குப் பாடமாகிவிட்டது.

இந்த முரணை எல்லாரையும்விடத் தீவிரமாக அனுபவித்தவர் பியானோக் கலைஞர் கீத் ஜாரெட் என்று நினைக்கிறேன். 1975 ஜனவரி 24-ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் கோல்ன் நகரத்தில், கேட்ட பியானோவுக்குப் பதிலாகச் சிறியதும் சரிவரப் பேசாததுமான வேறொரு பியானோவை மேடையில் வைத்துவிட்டார்கள். வாசிக்க மறுத்துக் கிளம்ப இருந்தவர், பிறகு மனமிரங்கி அதன்முன் உட்கார்ந்து, மேல் ஸ்தாயி சப்பென்றிருந்ததால் நடு ஸ்தாயியையே சுற்றிச் சுற்றி வந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்யோசனையின்றி வாசித்ததுதான், லட்சக்கணக்கில் விற்ற அந்த இசைத்தட்டு. அதைச் சுரக்குறிப்பாக எழுதித் தரும்படி உலகம் கேட்டபோது அவர் நெடுநாள் இணங்கவில்லை. கடைசியில் இணங்கியபோதும் ஒரு நிபந்தனை விதித்தார்: எழுத்தை நம்பாதே, ஒலிப்பதிவே இறுதி ஆதாரம் என்று. ஓர் இரவில் போய்விடட்டும் என்று வாசித்தவரே, அந்த இரவின் பிரதியைத்தான் பிரமாணமாகக் காட்ட நேர்ந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆலையிலும் இதற்கு ஒப்பானதைக் கண்டிருக்கிறேன்: லேத்தில் ஒரு நெருக்கடியில், வேறு வழியின்றி, யாரோ ஒருவர் உளியைப் பிடித்த விதம் மறுநாளே ஷாப் முழுவதற்கும் பழக்கமாகி, அடுத்த வருஷம் சேருகிற பையனுக்கு விதியாகிவிடும்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959-இல் பதிவானது; ஜாஸ் தட்டு ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் வீட்டிலும் இருப்பது அதுதான். அந்த வருஷம் மார்ச் 2-ஆம் தேதி நடந்த முதற்பதிவின்போது நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் தட்டின் முதற்பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளும், திரும்ப ஒலிக்கையில் வேகம் கூடி, சுருதியும் இம்மி உயர்ந்து நின்றன. 1992-இல் வெளிவந்த மறுபதிப்பில்தான் பிழை திருத்தப்பட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாக உலகம் தவறான சுருதியில் பரவசம் அடைந்துகொண்டிருந்தது என்று இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். தம்புராவில் மயிரிழை பிசகினாலும் முகம் சுளிக்கிற பரம்பரையில் வந்த நமக்கு இது அபசாரமாகக்கூடத் தோன்றலாம். என் அபிப்பிராயம் வேறு. திருத்திய பதிப்பு என்னிடமும் இருக்கிறது. அது நியாயமானது, உண்மையானது, மைல்ஸ் வாசித்தது அதுதான். ஆயினும் என் காது பழகிய தடம் பழைய பதிப்பு. அந்த உயர்ந்த சுருதியில்தான் நான் பெண் பார்த்துவிட்டு வந்த சாயங்காலத்தைக் கழித்தேன். அந்தச் சுருதியில்தான் ஒரு வேலைநிறுத்தக் காலத்தின் வெறும் பகல்களை ஓட்டினேன். வரலாற்று ஆசிரியருக்குத் திருத்திய பிரதியும் எனக்குப் பழைய பிரதியும் என்று பங்கு பிரித்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஐந்து மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேவ் புரூபெக் 1958-இல் தம் குழுவோடு துருக்கி, இந்தியா முதலிய தேசங்களில் சுற்றுப்பிரயாணம் செய்தார். இஸ்தான்புல் வீதியில் கேட்ட ஒன்பது மாத்திரைத் தாளம் அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் 'டைம் அவுட்' வந்தது. அதில் பால் டெஸ்மண்ட் அமைத்த ஐந்து மாத்திரை உருப்படியைக் கேட்டு மேலைநாட்டார் அடைந்த வியப்பு, கண்ட சாபுவில் தொடை தட்டி வளர்ந்த நம் பாட்டிமார்களுக்கு வந்திராது. இதை வைத்துக்கொண்டு, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுகிற சுபாவம் நம்மில் சிலருக்கு உண்டு. மாத்திரையை எண்ணத் தெரிவது ஒன்று. அந்தத் தாளத்தில் சோம்பேறித்தனமாகச் சாய்ந்துகொண்டு டெஸ்மண்ட் சாக்ஸபோன் வாசிக்கிற அழகு வேறொன்று.

எங்கள் தொழிற்பேட்டையில் இப்போது லேத்திலும் உலையிலும் நிற்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்பு எனக்கு உதவியாளாக வந்தவனும் ஜார்க்கண்ட்டின் ஒரு மலைக்கிராமத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது, 78 சுற்றுத் தட்டு ஒன்றை அவன் கையில் கொடுத்து, இதில் உன் ஊர்க்காட்டின் சரக்கு இருக்கிறது என்று சொன்னேன். பொய்யில்லை. எல்.பி. தட்டு வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்கு முந்திய தட்டுகளோ கற்பொடியையும் கரியையும் அரக்கால் இறுக்கிச் செய்தவை. அரக்கு, குசும் மரத்திலும் பலாச மரத்திலும் ஒட்டி வாழும் சிறுபூச்சி கசிவது. அதைப் பேரளவில் சேகரித்து உலகச் சந்தைக்கு அனுப்பியதில் இந்தியாவுக்கே முதலிடம், இந்தியாவுக்குள் சோட்டா நாகபுரிக் காடுகளுக்கு. சிகாகோவிலும் லண்டனிலும் சுழன்ற பாட்டெல்லாம் அந்த மலைஜாதிப் பெண்கள் மரக்கிளையிலிருந்து சுரண்டி எடுத்த பிசினின் மேல்தான் சுழன்றது. பையன் தட்டை முகர்ந்து பார்த்தான். "இதுக்கு என்ன விலை கெடைக்கும் சார்?" என்றான். சொன்னேன். அவன் பாட்டிக்குக் கிலோவுக்குக் கிடைத்த விலையை அவனும் சொன்னான். அதற்குப்பின் நாங்கள் சங்கீதத்தைப் பற்றிப் பேசவில்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. ஒரு பக்கம் கல்கத்தா நெடுஞ்சாலை. மறுபக்கம் கல்கத்தா ரயில் பாதை. நடுவே உலைகளும் உருளைகளும். ஆடி மாதம் பிறந்துவிட்டால் அம்மன் கோவில் கூழுக்காகக் கட்டுகிற ஒலிபெருக்கி, விடிவதற்கு முன்பே அம்மனையும் எங்களையும் எழுப்பிவிடும். நான் அதைக் குறைசொல்வதில்லை. வருஷாவருஷம் அதே நாலு காசெட்டு என்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட உண்டு. என்னால் சகிக்க முடியாதது, ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரர் தம் கைப்பேசியில் ஒரு பாட்டைப் பல்லவி முடியுமுன் தள்ளிவிட்டு அடுத்ததற்கும், அதையும் தள்ளிவிட்டு அதற்கடுத்ததற்கும் போவதுதான். பொன்னேரியிலிருந்து பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் அறுபது பாட்டுகளின் தலையை மட்டும் கொய்துவிடுகிறார். அவருக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்பது தெரிகிறது. எதையும் இரண்டாவது முறை கேட்காதவருக்கு வேண்டியது எதுவென்று எப்படித் தெரியும்? சேகரிப்பவர்களிலும் இவர் ஜாதியினர் உண்டு; கடிதம் போட்டு, காத்திருந்து, ஏலத்தில் போட்டியிட்டு வாங்கிய தட்டை உறை பிரிக்காமலே அடுக்கிவிட்டு அடுத்ததைத் தேடப் புறப்படுவார்கள். அலமாரி வளர்கிறது, காது வளர்வதில்லை.

ஜில்லாத் தலைநகரான திருவள்ளூருக்குக் காரியமாகப் போவதென்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கையான சிரமம் உண்டு. ஜில்லாவின் இரண்டு ரயில் பாதைகளும் சென்னையில் பிறந்து, ஒன்று வடக்கேயும் ஒன்று மேற்கேயும் போய்விடுகின்றன. ஆகவே கலெக்டர் கச்சேரிக்கு ரயிலில் போகிறவர் முதலில் ஜில்லாவை விட்டே வெளியேறி, பட்டணத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். ஓய்வூதியச் சான்றிதழ் ஒன்றுக்காக அப்படிச் சுற்றிப் போன நாளில், வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால், மேற்கே இன்னும் சில நிலையங்கள் தள்ளியிருக்கும் திருவாலங்காட்டுக்குப் போனேன். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அது. காலை மேலே தூக்கி ஆடிய ஊர்த்துவ தாண்டவம் அந்த ஊருக்கு உரியது. காரைக்கால் அம்மையார் அந்த ஆலங்காட்டுச் சுடுகாட்டிலே இருந்து பாடிய பதிகத்தில், ஆந்தையும் நரியும் பேய்களும் கூச்சலிடுகிற அந்த இடத்தில், ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும் பின்னோடு ஒரு டஜன் வாத்தியங்களின் பெயர்களையும் ஒரே பாட்டில் அடுக்கிவிடுகிறார். சங்கீதத்துக்கு அமைதியான அறை வேண்டும், விலையுயர்ந்த ஒலிபெருக்கி வேண்டும் என்று வாதிடும் நண்பர்களிடம் நான் இந்த அம்மையாரைத்தான் சாட்சியாக அழைக்கிறேன். அவர் கேட்டதும் புதுப் பாட்டில்லை. அதே ஆட்டம், அதே காடு, அதே பேய்கள். அந்த ஆட்டத்தின்போது, திருவடிக்கீழ், மகிழ்ந்து பாடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதே அவர் விண்ணப்பமாயிருந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது.

இரைச்சல் தன் வரியை வசூலிக்காமல் விடுவதில்லை. உருளை ஓடும் கூடத்தருகே பல வருஷம் நின்றவர்களின் காது எப்படிப் பழுதாகும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு: எல்லா ஒலியும் சமமாக மங்குவதில்லை, விநாடிக்கு 4,000 அதிர்வு உள்ள பகுதியில் முதலில் ஒரு பள்ளம் விழும், பேச்சு கேட்கும், மெய்யெழுத்துக்கள் கரையும். நாங்கள் வேலையில் சேர்ந்த புதிதில் காதுக் கவசம் போடுகிறவனைக் கோழை என்றார்கள். என் காதைச் சோதித்த டாக்டர் வரைபடத்தைக் காட்டி அந்தப் பள்ளத்தின்மேல் பேனாவை வைத்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஜோ மொரெல்லோவின் சிம்பல் தகடு. புரூபெக் குழுவில் அவர் அதை வருடிக்கொண்டே போகிற அந்த மெல்லிய சலசலப்பு இப்போது எனக்குப் பாதிதான் கேட்கிறது. பாதிதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? மீதி இருந்த நாளில் பலமுறை கேட்டு வைத்திருப்பதால் தெரியும். காது கொண்டுவந்து தராத இடத்தை நினைவு நிரப்புகிறது. எந்தத் தட்டை முன்பு அதிகம் கேட்டேனோ அதில்தான் இந்த உதவி கிடைக்கிறது. புதிதாக வாங்குகிற தட்டில் அந்தப் பள்ளம் பள்ளமாகவே இருந்துவிடுகிறது. மனைவியின் கேள்விக்கு ஒருவாறு பதில் கிடைத்துவிட்டது என்று இதை அவளிடம் சொன்னேன். அவள், "அப்போ நான் சொல்றதும் பாதி கேக்கலையா, இல்ல கேட்டதுதானேன்னு விட்டுட்டீங்களா?" என்றாள். இந்த அம்சத்தை நான் ஆராயவில்லை.

தேய்மானத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கிராமபோனின் எஃகு முள் பக்கத்துக்கொரு முறை மாற்ற வேண்டியது. அத்தனை பாரம் தட்டின்மேல் இறங்கும். ஆகவே ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பாட்டிலிருந்து ஓர் இழை உரிந்துபோகும். எல்.பி.யில் தேய்வு குறைவே தவிர இல்லாமலில்லை. சேகரிப்போர் சந்தையில் உயர்ந்த விலை எப்போதும் மாசு மறுவற்ற பிரதிக்கே. அதாவது எவரும் கேட்காத பிரதிக்கு. ஒரு வீட்டில் விரும்பி விரும்பிக் கேட்கப்பட்ட தட்டு அந்த விருப்பத்தாலேயே விலை இழக்கிறது. சென்ற தை மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், 'டைம் அவுட்'டின் இரண்டு பிரதிகள் ஒரே கடைக்காரரிடம் கிடந்தன. ஒன்று பளபளவென்றிருந்தது, மற்றதன் உறை ஓரம் கிழிந்து துணிப்பட்டையால் ஒட்டப்பட்டு, முதற்பக்கத்துக் காடிகள் சாம்பல் பூத்திருந்தன. அவர் முதலாவதை என்னிடம் நீட்டினார். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். "அது யாரோ போட்டுத் தேய்ச்சது சார், வீட்டுல போய் என்னைத் திட்டாதீங்க" என்றார். அதுதான் வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாதி விலை சொன்னார். தேய்ந்த சரக்குக்கு அதுவே அதிகம் என்று நானும் வாதாடி, இன்னும் ஐம்பது ரூபாய் குறைத்த பிறகே பணத்தை எடுத்தேன்.